திரும்பி வராத பலகை

பெல்சிய நாட்டின் லூவன் நகரில் தங்கியிருப்போருக்குக் கெண்ட் தொலைவான ஊர் அன்று. பிரசெல்ஸ் வழியாக ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். காலைத் திருப்பலியை முடித்துப் புறப்பட்டால் மாலைச் செபத்திற்குத் திரும்பிவிடலாம். அப்படி ஒருநாள் சென்றுவந்தேன். லெய், ஷெல்ட் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் எழுந்த ஊர் அது. நடுக்காலத்தில் கம்பளித் துணி நெசவால் செழித்தது. புனித நிக்கொலாஸ் ஆலயத்தின் கோபுரம், நகர மணிக்கூண்டு, புனித பாவோ பேராலயத்தின் கோபுரம் என்று மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆற்றங்கரையில் வணிகக் கழகங்களின் பழைய மாளிகைகள் அழகுதான். அவற்றைப் பற்றிச் சுற்றுலா நூல்கள் போதிய அளவு எழுதியிருக்கின்றன. நான் எழுத வந்தது பேராலயத்திலுள்ள ஒரு மரப்பலகையைப் பற்றி. சரியாகச் சொன்னால், அங்கு இல்லாத ஒரு மரப்பலகையைப் பற்றி.

அப்பேராலயத்தில் ‘மறைபொருள் செம்மறிக்கு வழிபாடு’ என்னும் பீட ஓவியம் உள்ளது. ஹூபர்ட் வான் ஐக் தொடங்கினார். அவர் இறந்தபின் தம்பி யான் வான் ஐக் 1432இல் முடித்தார். கெண்ட் நகரச் செல்வர் யோஸ் வைட் என்பவரும் அவர் துணைவியார் லிஸ்பெத் போர்லூட்டும் செலவை ஏற்றவர்கள். கதவுபோல் திறந்து மூடும் ஓவியம் அது. திறந்திருக்கும்போது நடுவில் பீடத்தின்மேல் செம்மறி நிற்கிறது. அதன் மார்பிலிருந்து வடியும் இரத்தம் கிண்ணத்தில் விழுகிறது. நான்கு திசைகளிலிருந்தும் கூட்டங்கள் அதை நோக்கி வருகின்றன. வலப்புறப் பலகைகளில் தவசிகளும் திருப்பயணிகளும் நடந்து வருகின்றனர். இடப்புறத்தில் கிறிஸ்துவின் வீரர்கள் குதிரைமேல் வருகின்றனர். அவர்களுக்குப் பின்னே, கடைசி இடப்பலகையில், ‘நீதியுள்ள நடுவர்கள்’ குதிரைமேல் வருகின்றனர்.

இந்த நடுவர்களின் பலகைதான் 1934 ஏப்ரல் 10ஆம் நாள் இரவு திருடுபோனது. இன்றுவரை திரும்பவில்லை. இப்போது அவ்விடத்தில் இருப்பது படி. யெஃப் வான் டெர் வேக்கன் என்னும் ஓவியர், அடுக்குப் பலகையாக இருந்த பழைய மரத்தில் 1939இல் தொடங்கி 1945இல் முடித்த படி. நடுவர்களுள் ஒருவருக்கு அப்போதைய அரசர் மூன்றாம் லியோபோல்டின் முகச்சாயலை அவர் கொடுத்துவிட்டார். வழிகாட்டிகள் சொல்லாவிட்டால் எத்தனை பேருக்கு இது படி என்று தெரியும்? எனக்குத் தெரிந்திராது. படி அத்தனை நன்றாக இருக்கிறது. என்னை நீண்ட நேரம் அங்கே நிறுத்தியதும் அதுவே.

பேராலயத்தில் நுழையக் கட்டணம் இல்லை. ஓவியத்தைக் காண மட்டும் சீட்டு வாங்க வேண்டும். இறைவன் இல்லத்தில் சீட்டா என்று முகம் சுளிக்கும் நம்மவர் உண்டு. இந்த ஓவியத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் சுளிக்கமாட்டார்கள். 1566இல் திருவுருவங்களை உடைக்க ஒரு கூட்டம் புகுந்தபோது அதைக் கோபுரத்தில் ஒளித்துக் காத்தார்கள். 1794இல் பிரெஞ்சுப் படை நடுப்பலகைகளைப் பாரிசுக்குக் கொண்டுபோனது. நெப்போலியன் வீழ்ந்தபின் 1815இல் அவை திரும்பின. திரும்பிய மறு ஆண்டே, ஆயர் ஊரில் இல்லாத வேளையில், மறைமாவட்டத்தின் முதன்மைக் குருவே பக்கப்பலகைகள் ஆறினை ஒரு வணிகருக்கு விற்றுவிட்டார். கைமாறிக் கைமாறி 1821இல் அவை பிரஷ்ய அரசரிடம் சேர்ந்து பெர்லினுக்குப் போயின. அந்நியப் படை எடுத்துச் சென்றது திரும்பி வந்தது. நம்மவர் விற்றது நூறு ஆண்டுகளுக்குமேல் வெளியே கிடந்தது. குருக்களாகிய நாங்கள் இந்த இடத்தை வேகமாகப் படித்துக் கடந்துவிடக் கூடாது.

முதல் உலகப் போருக்குப்பின் வெர்சாய் உடன்படிக்கையின் 247ஆம் பிரிவு அப்பலகைகளை பெல்சியத்திற்குத் திருப்பிக் கொடுக்குமாறு செர்மனியைக் கட்டாயப்படுத்தியது. 1914 ஆகஸ்டில் லூவன் பல்கலைக்கழக நூலகத்தைச் செர்மன் படை எரித்ததற்கு ஈடாக நூல்கள் தர வேண்டும் என்று சொன்னதும் அதே பிரிவுதான். லூவன் புனித பேதுரு ஆலயத்தில் உள்ள டீரிக் பௌட்சின் இறுதி இராவுணவு ஓவியத்தின் பக்கப்பலகைகளும் அதே பிரிவினால் திரும்பியவை. எரித்ததற்கு ஈடு கேட்பது நீதி. ஆனால் பலகைகளைப் பெர்லின் திருடவில்லை; விலைக்கு வாங்கியது. ஒரு குற்றத்திற்கு ஈடாக, குற்றமின்றி வாங்கிய பொருளைக் கேட்கலாமா என்ற கேள்வி செர்மானியர் மனத்தில் நெடுநாள் புகைந்தது. 1934இல் களவு நடந்த இடத்தில் கிடைத்த சீட்டிலும் இதைத்தான் எழுதியிருந்தது: வெர்சாய் உடன்படிக்கையால் செர்மனியிடமிருந்து எடுக்கப்பட்டது என்று. திருடன் தன்னை வாதியாக நிறுத்திக்கொண்டான். திருடுகிறவன் பெரும்பாலும் அப்படித்தான் நிற்பான். தனக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்று சொல்லாத திருடனை நான் இதுவரை சந்தித்ததில்லை.

1894இல் பெர்லினில் ஒரு வேலை செய்தார்கள். இருபுறமும் ஓவியம் தீட்டியிருந்த அப்பலகைகளை, இருபக்கத்தையும் ஒரே நேரத்தில் மக்கள் காணட்டும் என்று, அறுத்து இரண்டிரண்டாகப் பிரித்தார்கள். நடுவர்களின் பலகைக்குப் பின்புறம் இருந்தவர் திருமுழுக்கு யோவான். அந்த ஆலயமே முதலில் அவர் பெயரால்தான் இருந்தது. ஒரே கருவாலி மரத்தின் ஒருபக்கம் யோவான், மறுபக்கம் நடுவர்கள். அன்றிரவு இரண்டையுமே கொண்டுபோனார்கள். பின்னர் கெண்ட் ஆயருக்குக் கடிதங்கள் வந்தன. பத்து இலட்சம் பிராங்க் கேட்டார்கள். பொருள் தங்களிடம் இருப்பதைக் காட்ட யோவானைத் திருப்பித் தந்தார்கள். பிரசெல்ஸ் வடக்கு ரயில் நிலையத்தின் சுமை வைப்பறையில் அவர் கண்டெடுக்கப்பட்டார். மறுபக்கத்திலிருந்து 25,000 பிராங்க் மட்டுமே கொடுக்கப்பட்டது. பேரம் முறிந்தது. மனந்திரும்பச் சொல்லிக் கூவியவர் வந்துவிட்டார். நீதி வழங்குபவர்கள் வரவில்லை.

அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள், டென்டர்மொன்டே நகரில் கத்தோலிக்கக் கட்சியின் கூட்டமொன்றில் அர்சேன் கூடர்டியர் என்பவர் மயங்கி விழுந்தார். வெட்டரென் ஊரைச் சேர்ந்த பங்கு வணிகத் தரகர், ஊரறிந்த கத்தோலிக்கர். சாகும் தறுவாயில் தம் வழக்கறிஞரை அழைத்து, செம்மறி ஓவியத்தின் பலகை எங்கே இருக்கிறது என்பது தமக்கு மட்டுமே தெரியும் என்றார். தம் எழுத்தறையின் இழுப்பறையைக் குறிப்பிட்டார். அத்துடன் உயிர் பிரிந்தது. இழுப்பறையில் ஆயருக்கு எழுதிய கடிதங்களின் கரித்தாள் படிகள் இருந்தன. அனுப்பப்படாத கடைசிக் கடிதமும் இருந்தது. மக்கள் கண்ணில் படாமல் தாமோ வேறு எவருமோ எடுக்க முடியாத இடத்தில் பொருள் இருக்கிறது என்று அது சொன்னது. அவ்வளவுதான். அவரே திருடினாரா, யாருக்காகவோ பேரம் பேசினாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். பேராலயத்தின் சுவர்களையே கதிர்ப்படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். கெண்ட் காவல்துறையில் அந்தக் கோப்பு இன்னும் மூடப்படவில்லை.

இக்கதையைத் துப்பறியும் கதையாகச் சொல்பவர்கள் பலர். எனக்கு அதில் பெரிய நாட்டமில்லை. சாகிறவர் கட்டிலருகே அழைக்கப்படுவது என் தொழில். அங்கிருந்து பார்த்தால் கேள்வி வேறாகத் தெரிகிறது. அம்மனிதர் மனம் வருந்தினார் என்றே வைத்துக்கொள்வோம். வருந்தியவருக்குப் பாவமன்னிப்பு உண்டு. ஆனால் பொருள் திரும்பாமலே பாவம் தீருமா?

புனித அகுஸ்தினார் மாசெதோனியுஸ் என்னும் அதிகாரிக்கு எழுதிய மடலில் இதற்குத் தயக்கமின்றி விடை தருகிறார். திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவன் மனம் வருந்துவதாக நடிக்கிறானே தவிர வருந்தவில்லை என்பது அவர் கருத்து. கொடுக்க இயலாத நிலையில் உள்ளவனை அவர் இதில் சேர்க்கவில்லை. திருச்சபையின் நன்னெறிப் போதனை முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல் நிற்கிறது. கையில் இல்லாதவனிடம் கடவுள் கேட்பதில்லை, எண்ணம் போதும். கையில் இருப்பவனிடம் எண்ணம் மட்டும் போதாது.

புனித தோமா அக்குவினார் இன்னும் ஒரு படி செல்கிறார். பிறர் பொருளை உடையவர் விருப்பத்திற்கு மாறாக வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய பயன்பாட்டைப் பறிக்கும் நாளே என்பதால், உடனே திருப்ப வேண்டும் என்கிறார். அதாவது களவு என்பது ஓர் இரவில் நடந்து முடிந்த செயல் அன்று. பொருள் திரும்பும்வரை அது நடந்துகொண்டே இருக்கிறது. நம் வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்தில் களவை நினைப்பதையே குற்றமாக்கினார். களவினால் வந்த செல்வம் பெருகுவதுபோல் தோன்றிக் கெடும் என்றும் எச்சரித்தார். ஆனால் எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி அந்தப் பத்துக் குறளிலும் தனியாக ஒன்று இல்லை. செய்யாதிருக்கக் கற்பிக்கும் அறம் ஒன்று. செய்தபின் என்ன செய்வது என்று கற்பிக்கும் அறம் இன்னொன்று. இரண்டாவதற்கு நமக்குச் சக்கேயு இருக்கிறார். அவர் வருத்தத்தைப் பற்றி லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. நான்கு மடங்கு என்ற கணக்கைத்தான் எழுதினார்.

புனித பாவோவின் வரலாறும் இதையே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்வர் அவர்; மனைவி இறந்தபின் மனந்திரும்பி உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தவசியானார். முன்பு தாம் அடிமையாக விற்றிருந்த ஒருவனைப் பின்னர் சந்தித்தபோது, தம்மைச் சங்கிலியால் கட்டி ஊர்ச் சிறைவரை இழுத்துச் செல்லுமாறு அவனை வற்புறுத்தினார் என்று மரபு கூறுகிறது. பறித்த விடுதலையை எந்தக் காசாலும் திருப்ப முடியாது என்று கண்டவர், திருப்பக்கூடிய ஒன்றைத் தேடினார் போலும். அவர் பெயரால் அமைந்த ஆலயத்திலா இந்தக் களவு என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி, பலகையைப் பற்றிய அறிவு. கூடர்டியர் தம் இறுதி மணியில் வைத்திருந்தது பலகை அன்று. அது இருக்கும் இடத்தைப் பற்றிய அறிவு. அறிவைத் திருப்பிக் கொடுக்கப் பணம் வேண்டியதில்லை, உடல் வலிமை வேண்டியதில்லை. ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை எட்டு மாதங்கள் சொல்லாமல் வைத்திருந்தவருக்கு, சொல்ல நினைத்தபோது மூச்சு இல்லை. அவரைத் தீர்ப்பிட நான் இதை எழுதவில்லை. நா எழாத இறுதி மணியில் மனம் சொன்னதைக் கேட்க ஆண்டவர் இருக்கிறார். ஆனால் ஆண்டவர் கேட்டதனால் கெண்ட் மக்களுக்குப் பலகை கிடைத்துவிடவில்லை. மன்னிப்பும் ஈடும் ஒரே கதவுக்கு இரண்டு சாவிகள் என்று எண்ணுகிறோம். அப்படி அன்று. மன்னிப்பு கடவுளுக்கும் பாவிக்கும் இடையே. ஈடு இழந்தவருக்குச் சேர வேண்டியது. முதலாவது கிடைத்தவர் இறந்துவிட்டாலும், இரண்டாவது தீராமல் பூமியிலேயே கிடக்கிறது. அது யார் தலையில் விழுகிறது? தெரிந்தவர்கள் தலையில்.

அக்குவினார் இங்கே ஒன்பது பேரைக் கணக்கில் சேர்க்கிறார். ஏவியவன், அறிவுரை சொன்னவன், இசைந்தவன், புகழ்ந்து தூண்டியவன், புகலிடம் தந்தவன், பங்கு கொண்டவன், பேசாதிருந்தவன், தடுக்காதிருந்தவன், பின்னர் வெளிப்படுத்தாதிருந்தவன். கடைசி மூவர் எப்போதும் கட்டுண்டவர்கள் அல்லர் என்று அவரே வரம்பும் கட்டுகிறார்: பேச வேண்டிய கடமை உள்ளவன் பேசாதபோதே அவன்மேல் பொறுப்பு விழும். நியாயமான வரம்பு. எல்லாருடைய வாயையும் திறக்கச் சொன்னால் ஊரில் கோள்தான் மிஞ்சும்.

நம் பங்குகளில் யார் வீட்டிலும் வான் ஐக் ஓவியம் இல்லை. ஆனால் விடுதலைப் பத்திரங்கள் இருக்கின்றன. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறக்கும் கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இது பலருக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் தங்கையை வரவழைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். திருமணத்துக்கு நகை போட்டோமே என்பார்கள். தாள் எதற்கு என்று விளக்காமலே வாங்குவதும் உண்டு. முழுமனத்துடன் விட்டுக்கொடுத்த சகோதரிகளை நான் அறிவேன். அவர்களைப் பற்றி இங்கு பேச்சில்லை. ஏமாற்றி வாங்கிய கையெழுத்தைப் பற்றியே பேசுகிறேன். இருபது ஆண்டு கழித்து, விதவையாகிக் கூலிவேலைக்குப் போகும் தங்கையைப் பற்றிக் கேட்டால், “அது அப்பவே முடிஞ்சு போச்சு சாமி” என்று அண்ணன் சொல்கிறார். (பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டது அன்று, கோயில் வாசலில், பலர் கேட்கச் சொல்வது.) அவர் ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குபவர்; திருவிழாவுக்குத் தாராளமாகக் கொடுப்பவர். கோயிலுக்குக் கொடுப்பது தங்கைக்குக் கொடுப்பதற்கு ஈடாகாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

முடிந்து போயிற்றா? நாட்டுச் சட்டத்தில் வழக்குத் தொடுக்கக் கால வரம்பு உண்டு. ஊரில் அமைதி வேண்டும் என்பதற்காக அது தேவை. திருச்சபைச் சட்டமும் நீண்டகால அனுபோகத்தை ஏற்கிறது. ஆனால் 198ஆம் விதியில் ஒரு நிபந்தனை வைக்கிறது: தொடக்கத்தில் மட்டுமன்றி, அக்காலம் முழுவதும் நல்மனம் இருந்திருக்க வேண்டும். பிறர் பொருள் என்று அறிந்துகொண்டே வைத்திருப்பவனுக்கு எத்தனை ஆண்டு ஆனாலும் அது அவனுடையதாகாது. நூறு ஆண்டு ஆயினும் அந்தப் பலகை கெண்ட் பேராலயத்துக்குரியதே. இருபது ஆண்டு ஆயினும் அந்தச் செண்டு நிலம் தங்கைக்குரியதே.

நல்மனத்தோடு வாங்கியவருக்கும் இது எளிதான போதனை அன்று. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் டாலருக்குமேல் விலை கொடுத்து வாங்கியது. உண்மை வெளிவந்தபின் 2014இல் அது இந்தியாவிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. கொடுத்த பணம் போயிற்றே என்பது அவர்கள் வழக்கு. அதை விற்றவனிடம் கேட்க வேண்டுமே அன்றி, கோயிலிடம் அன்று. வேறு சமயத்தவரின் திருவுருவம் என்பதனால் கத்தோலிக்கராகிய நாம் இதில் குறைவாக மகிழ வேண்டியதில்லை.

படியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. அல்பெர் காம்யு 1956இல் வெளியிட்ட ‘வீழ்ச்சி’ என்னும் நாவலில், திருடுபோன இந்தப் பலகையைக் கதைசொல்லி தன் வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறான். அவன் முன்னாள் வழக்கறிஞன். ஏன் திருப்பித் தரவில்லை என்பதற்குப் பல காரணங்களை அடுக்குகிறான். படிக்கும் மூலத்துக்கும் வேறுபாடு காண எவராலும் முடியவில்லை என்பது அவற்றுள் ஒன்று. நடுவர்கள் தேடிப் போகும் செம்மறி இனி இல்லை என்பது மற்றொன்று. இறைநம்பிக்கை இல்லாத எழுத்தாளர் ஒருவர் இந்த ஓவியத்தை இவ்வளவு சரியாகப் படித்திருப்பது எனக்கு வியப்பு. நடுவர்கள் செம்மறியை நோக்கிப் பயணம் செய்கிறவர்கள். செம்மறியிடமிருந்து அவர்களைப் பிரித்தால் நீதி ஒருபக்கம், மாசின்மை மறுபக்கம் என்றாகிவிடும். அதுவே அவனுக்கு வசதி.

ஆனால் முதற்காரணம்தான் நம் ஊர்க் காரணம். இழப்பு கண்ணில் படாதபோது ஈடு தேவையில்லை என்று தோன்றுகிறது. தங்கை பண்டிகைக்கு வருகிறாள், சிரிக்கிறாள், பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கி வருகிறாள். குடும்பப் படத்தில் அவள் இடம் காலியாக இல்லை. உறவு இருக்கிறதே, பின் என்ன என்று கேட்கலாம். படி ஒன்று அவ்விடத்தை நிரப்பியிருக்கிறது என்றே நான் சொல்வேன். 1934இல் பலகை இருந்த சட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்க வேண்டும் என்று கெண்ட் மக்களைக் கேட்க எனக்கு உரிமையில்லை. வழிபாட்டுக்குரிய ஓவியம் ஓட்டையுடன் நிற்பதை அவர்கள் விரும்பவில்லை. வான் டெர் வேக்கனின் உழைப்பும் நேர்மையான உழைப்பே. ஆயினும் அங்கு நின்றபோது, அந்தக் குதிரைகளுக்கு வரைந்த அழகைவிட ஒரு வெற்றிடம் எனக்கு அதிகம் சொல்லியிருக்கும் என்று தோன்றியது.

2012இல் தொடங்கிய சீரமைப்பில், பிற்காலத்தார் பூசிய வண்ணத்தை நீக்கியபோது செம்மறியின் பழைய முகம் வெளிப்பட்டது. முன்பு இருந்தது சாதாரண ஆட்டின் முகம். இப்போது தெரிவதோ மனித முகம்போல் நேராக நம்மை நோக்கும் முகம். சிலருக்கு அது பிடிக்கவில்லை. நூற்றாண்டுகளாக மென்மையாக்கி வைத்திருந்த பார்வை அது.

ஒரு குருவிடம் வந்து, பொருள் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும் என்று ஒருவர் ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னால் என்ன ஆகும் என்று நண்பர் ஒருவர் ரயிலில் கேட்டார். 983ஆம் விதிப்படி அந்த முத்திரையை உடைக்க எவராலும் இயலாது. பலகைக்காகவும் இயலாது, உலகத்து ஓவியங்கள் எல்லாவற்றிற்காகவும் இயலாது. ஆனால் குரு அவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம்; சொல்ல வேண்டும். கொடுக்க முடிந்தும் கொடுக்க மறுத்தால் பாவமன்னிப்பைத் தள்ளிவைக்கவும் வேண்டும். பெயர் வெளிப்பட அஞ்சினால், அவருடைய இசைவோடு குருவே பொருளைப் பெற்று, யாரிடமிருந்து என்று சொல்லாமல் உரியவரிடம் சேர்க்கலாம். இது பழைய வழக்கம். பங்குத்தந்தையர் பலர் கையில் பெயரில்லாத உறைகள் இப்படி வந்து சேர்ந்ததுண்டு: மாவட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்த மருந்துக்கான பணம், முதலாளி கல்லாவிலிருந்து எடுத்த சம்பளத் தொகை, ஒருமுறை ஒரு சோடித் தோடு. நிலத்தை உறைக்குள் போட முடியாது என்றார் நண்பர். முடியாதுதான், அதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்திற்குப் போக வேண்டும், முத்திரைத்தாள் வாங்க வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், மனைவி மக்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.